பன்றிக் காவலர் பிரிண்டில்

வக்கீலை நம்பக்கூடாது என்பது எங்கள் ஆம்ஸ்பியில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். கனெக்டிகட் பக்கமிருந்து மலையேறி வந்த வக்கீல் என்றால் கேட்கவே வேண்டாம். அசாஹெல் பிரிண்டில் வந்தது பனி உருகிச் சேறு முழங்காலைத் தொடும் பருவத்தில். அந்தப் பருவத்தில் புத்தியுள்ள எவனும் வெர்மான்ட் மலைப்பாதையில் வண்டி கட்டமாட்டான். கீழே ஏதோ செய்துவிட்டு ஓடி வந்திருக்கிறான் என்று அன்றைக்கே நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஊரில் அப்போது ஒரே சத்திரம், எங்களுடையது. நானும் என் புருஷன் ஜோப் ஹேஸ்கின்ஸும் நடத்தினோம். பிரிண்டில் மாடி அறையைக் கேட்டார். ஆப்பிள் கள் ஊற்றினேன், வேண்டாம் என்று பால் கேட்டார். வளர்ந்த ஆண் சத்திரத்தில் உட்கார்ந்து பால் குடித்தால் என்ன நினைப்பது?

"சொந்த ஊர் எதுங்க?" என்று கேட்டேன்.

"தெற்கே."

"தெற்கேன்னா?"

"ரொம்பத் தெற்கே இல்லீங்க அம்மா," என்று சொல்லிவிட்டுப் பாலைக் குடித்தார்.

ஊர்ப் பெயரைச் சொல்லக் கூசுகிற மனிதன் எதை மறைக்கிறான் என்று அன்று இரவுக்குள் சத்திரத்தில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். ஜெயிலில் இருந்தவன் என்றார்கள் சிலர். இரண்டு பெண்டாட்டிக்காரன் என்றார்கள் வேறு சிலர். ஜெயில்தான் என்றேன் நான். பெண்டாட்டி இருந்திருந்தால் அந்தக் கோட்டுக்கு யாராவது பொத்தான் தைத்திருப்பார்கள்.

எங்கள் ஊரில் யார் புதிதாகக் குடிவந்தாலும் ஒரு வருஷத்துக்குள் கான்ஸ்டபிள் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். 'ஊரை விட்டுப் போ' என்று எழுதிய தாளை உரக்கப் படிப்பார். படித்து முடித்ததும் உள்ளே போய் அதே வீட்டுக்காரரோடு ஒரு குவளை கள் குடிப்பார். யாரும் போவதில்லை, போவார்கள் என்று யாரும் நினைப்பதுமில்லை. விஷயம் வேறு. அப்படிப் படித்துவிட்டால், நாளைக்கு அந்த ஆள் கைகால் விழுந்து கஞ்சிக்கு வழியில்லாமல் போனால், ஊர் பொறுப்பில்லை. வைக்கோல் பரப்பிய வண்டியில் ஏற்றி, பிறந்த ஊர் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு ஊர்க் கான்ஸ்டபிளும் எல்லையில் அடுத்தவரிடம் கைமாற்றுவார். முதலில் வந்த நாலைந்து குடும்பங்களைத் தவிர எல்லோருக்கும் படித்தாயிற்று. ரோட் ஐலண்டிலிருந்து கைக்குழந்தை மாதிரி ஒரு வாத்தைத் தூக்கிக்கொண்டு வந்த எனக்கும் ஜோப்புக்கும் படித்தார்கள். நாங்கள் சிரித்தோம். அப்புறம் மறந்தே போனோம்.

பிரிண்டிலுக்கும் படித்தார்கள். கான்ஸ்டபிள் எலிஃபலெட் டௌ என் சத்திர வாசலில் நின்று ராகம் போட்டுப் படித்தார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். வக்கீலின் முகம் மாவு மாதிரி வெளுத்துவிட்டது. கான்ஸ்டபிளைக் கண்டு முகம் வெளுப்பது யாருக்கு? சரி, ஜெயில்தான் என்று எனக்கு உறுதியாயிற்று.

அடுத்த மார்ச் மாதம் ஊர்க்கூட்டம். தேவாலயத்தில் அடுப்பு கிடையாது. அதனால் குளிர்காலத்தில் எங்கள் சத்திரத்துப் பெரிய கூடத்தில்தான் கூடுவார்கள். பெண்களுக்கு அங்கே ஓட்டும் இல்லை, பேச்சும் இல்லை. ஆனால் அவித்த பீன்ஸையும் உப்புப் பன்றிக்கறியையும் யார் பரிமாறுவது? அதனால் எல்லாம் என் காதில் விழும்.

அந்தக் கூட்டத்தின் கடைசி வேடிக்கை பன்றிக் காவலரைத் தேர்ந்தெடுப்பது. பட்டியில்லாமல் அலைகிற பன்றியைப் பிடித்து மூக்கில் வளையம் மாட்டுவது அந்த ஆளின் வேலை. யார் புதிதாகக் கல்யாணம் செய்தானோ, எவன் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறானோ, அவன் தலையில் அதைக் கட்டிவிட்டுச் சிரிப்பார்கள். மானமுள்ளவன் மறுப்பதற்கான அபராதத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கிவிடுவான். அந்த வருஷம் தேவாலய மூப்பரான டீக்கன் பெசலேல் ஸ்ட்ரௌட் எழுந்தார். ஏழைகளைக் கவனிக்கும் பொறுப்பும், ஊர்ச் சிரிப்புக்குத் தலைமையும் அவருடையவைதான்.

"நம்ம கருப்புக் கோட்டு வக்கீலய்யாவுக்குச் சட்டம் தெரியும். பன்னிக்குச் சட்டம் தெரியாது. ரெண்டையும் சேர்த்து வெச்சா என்ன?"

கூடம் அதிர்ந்தது. கைகள் எல்லாம் மேலே போயின. பிரிண்டில் எழுந்தார்.

"இது ஊர்ப் பதவிதானே, டீக்கன்?"

"ஆமாய்யா, பெரிய பதவி!"

"பிரமாணம் உண்டா?"

"உண்டு."

"அப்ப பண்ணி வைங்க," என்று கையைத் தூக்கினார்.

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அபராதம் கட்ட வேண்டிய மனிதன் சத்தியம் செய்கிறான்! ஆதாயமில்லாமல் எவனும் ஆற்றில் இறங்கமாட்டான். அன்று முழுக்க, பன்றியில் என்ன ஆதாயம் என்று யோசித்து எங்கள் ஊர் ஆண்களுக்கு மண்டை காய்ந்தது.

அந்த வருஷம் முழுக்க அவர் பன்றி பிடித்தார். கருப்புக் கோட்டோடு ஓடினார், வேலி தாண்டினார், என் கொல்லைப்புறச் சாணிக் குழியில் குப்புற விழுந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பன்னி எந்தப் பக்கம் போச்சுங்க அம்மா?" என்றுதான் கேட்டார். இலையுதிர் காலத்தில் டீக்கனுக்கே மனசு இளகி, "போதும்யா, விட்டுடு, வேற ஆளைப் போடறோம்," என்றார். "இல்லீங்க, வருஷம் முடியட்டும்," என்று மறுத்துவிட்டார் வக்கீல். அதைக் கேட்டு என் சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

அப்புறம் வழக்குகள் எடுக்கத் தொடங்கினார். வேலித் தகராறு, மாட்டுத் தகராறு, வாய்க்கால் தகராறு. முக்கால்வாசியை வழக்குமன்றம் போகாமல் என் கூடத்திலேயே இரண்டு பக்கத்தாரையும் உட்கார வைத்துத் தீர்த்துவிடுவார். கூலியாகப் பாலாடைக்கட்டி வாங்கிக்கொள்வார். தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிற வக்கீலை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனித்தேன்.

கவனித்ததில் ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு மார்ச்சும் பன்றிக் காவலருக்கு அவர்தான் பெயர் சொன்னார். அதுவும் பாவப்பட்டவன் பெயராகப் பார்த்துச் சொன்னார். ஒரு வருஷம் பீப்பாய் செய்கிற நொண்டி எநோஸ். ஒரு வருஷம் இருமிக்கொண்டே தறி நெய்கிற ஸிலாஸ். ஊர் விழுந்து விழுந்து சிரித்துக் கை தூக்கும். தான் பட்ட அவமானத்தை இல்லாதவன் தலையில் இறக்குகிறான் பாருங்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு ஒரு மார்ச்சில், "ஜோப் ஹேஸ்கின்ஸ்," என்றார்.

என் கையிலிருந்த பீன்ஸ் பானை நழுவப் பார்த்தது. என் ஜோப் சத்திரக்காரர், நரைத்த தலை, நெஞ்சில் சளி கட்டிய மனிதர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் ஜோப் இருமும்போது வக்கீல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். ஊர்ப்பேச்சும் என் காதுக்கு வந்திருந்தது. ஜோப் போய்ச் சேர்ந்தால் விதவையையும் சத்திரத்தையும் சேர்த்து வளைத்துப் போடத்தான் வக்கீல் மாடியை விட்டு நகரவில்லை என்றார்கள். இப்போது கிழவரைச் சேற்றில் ஓடவிட்டுச் சீக்கிரம் கொல்லப் பார்க்கிறானா?

கூட்டம் கலைந்ததும் படிக்கட்டில் மடக்கினேன்.

"என்னய்யா நெனச்சுட்டு இருக்கீங்க? என் வீட்டுப் பாலைக் குடிச்சுட்டு என் புருஷனைப் பன்னி மேய்க்க விடறீங்களா?"

"ஒரு வருஷம்தாங்க அம்மா. அபராதம் மட்டும் கட்டிடாதீங்க. முழு வருஷமும் அவரைச் செய்யச் சொல்லுங்க, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"கெஞ்சலு வேறயா? ஏன், எதுக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்!"

அவர் மாடிப்படி ஏறிப் போய்விட்டார். அந்த வருஷம் முழுக்க அவருக்கு அடிப்பிடித்த பீன்ஸ்தான். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஜோப் கோபப்படவே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஓடிப் பிடிக்காமல் ஒரு சோளக்கதிரை ஆட்டிக்கொண்டு நடப்பார், பன்றிகள் பின்னாலேயே வரும். டீக்கன் வீட்டுப் பெரிய பெட்டைப் பன்றியைக்கூட அப்படித்தான் ஊர் நடுவே ஊர்வலமாகக் கூட்டிப் போய் வளையம் மாட்டினார். டீக்கன் ஒரு வாரம் தலைகாட்டவில்லை.

இப்படிப்பட்ட மனிதரை எதற்குச் சட்டசபைக்கு அனுப்பினோம் என்று கேட்பீர்கள். ரோட்டுக்காகத்தான். கீழ்நாட்டுக்குப் புதிதாகப் போடவிருந்த பெரிய ரோடு மலையைத் தாண்ட இரண்டு வழி இருந்தது. ஒன்று எங்கள் ஊர் வழி, இன்னொன்று முகட்டுக்கு அந்தப் பக்கத்து ஹால்டன் வழி. ஹால்டன்காரர்கள் ஒரு வக்கீலை அனுப்பியிருந்தார்கள். பாம்பின் கால் பாம்பறியும் என்று எங்கள் ஆட்களும் பிரிண்டிலுக்கு ஓட்டுப் போட்டார்கள். சட்டசபை கூடும் மான்ட்பீலியருக்குக் கிளம்பும் முன்தினம் நானே வாத்து சுட்டு வைத்தேன். ரோடு வந்தால் முதலில் நிற்கிற வண்டி என் சத்திரத்தில்தானே நிற்கும்?

"ரோட்டோட வாங்க. இல்லாட்டி வராதீங்க," என்றேன்.

"முடிஞ்சதைச் செய்யறேங்க அம்மா," என்றார். வக்கீல்கள் இப்படித்தான் சொல்வார்கள்.

சட்டசபையில் நடந்தது டீக்கனின் மைத்துனர் மூலம் எங்களுக்கு வந்து சேர்ந்தது. அந்த வருஷம் யாரோ ஒரு மசோதா கொண்டு வந்தார்களாம். பன்றிக் காவலர் மாதிரி பழைய, சிரிப்புக்கிடமான ஊர்ப் பதவிகளை எல்லாம் ஒழித்துவிடலாம் என்று. எங்கள் பிரதிநிதி எழுந்து அதை எதிர்த்துப் பேசினாராம், மறுநாளும் பேசினாராம். சபையில் மற்றவர்கள் பன்றி மாதிரி உறுமிக் காட்டினார்களாம். அவர் உறுமல் அடங்கும்வரை நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாராம். கடைசியில் ஹால்டன் வக்கீலோடு ஒரு மூலையில் போய்ப் பேசினார். ஹால்டன்காரரும் அவர் கூட்டாளிகளும் பன்றிப் பதவிக்குக் கை தூக்கினார்கள். எங்கள் ஆள் ஹால்டன் ரோட்டுக்குக் கை தூக்கினார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டான் பாவி. ஆம்ஸ்பியில் வைக்கோலில் அவர் உருவம் செய்து, பன்றி மூக்கு வைத்து எரித்தார்கள். வைக்கோல் கொடுத்தது நான்தான்.

அவர் திரும்பி வந்து மாடிப்படியில் கால் வைத்ததும் கேட்டேன். "ரோட்டை வித்துட்டீங்களா?"

"ஆமா. வித்துட்டேன்."

"எவ்வளவுக்கு?"

"நீங்க கேட்டா நம்பமாட்டீங்க," என்றார். அன்றைக்கே அவர் மூட்டையைக் கட்டி வாசலில் வைத்தேன்.

அடுத்த தேர்தலில் டீக்கனின் அண்ணன் மகனை அனுப்பினார்கள். அவன் சபையில் தூங்கினான். சரி, திருடனானாலும் முழித்திருக்கிற திருடன் தேவலை என்று மறுபடி பிரிண்டிலையே அனுப்பினார்கள். அப்புறம் வருஷா வருஷம் அவர்தான். ஒருவரும் நம்பவில்லை. ஓட்டு மட்டும் போட்டார்கள்.

ரோடு ஹால்டன் வழியே போனது. வண்டிகளும் அந்த வழியே போயின. என் குதிரை லாயத்தில் கோழி அடைந்தது. ஜோப் ஒரு குளிர்காலத்தில் இருமி இருமி அடங்கினார். சத்திரம் கை மாறி, கூட்டம் நடத்த என்று ஊர் எடுத்துக்கொண்டது. பின்கட்டுச் சமையலறையில் ஒரு மூலையை எனக்கு விட்டார்கள். துணி துவைத்துப் பிழைத்தேன். வழியில் வக்கீலைக் கண்டால் காறித் துப்பினேன்.

பிறகு கிணற்றடிப் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. துவைக்கிறவள் நிற்க முடியாவிட்டால் என்ன பிழைப்பு? பனி கொஞ்சம் இறுகியதும் வாசலில் சக்கரச் சத்தம் கேட்டது. டீக்கன் ஸ்ட்ரௌட், கான்ஸ்டபிள் டௌ, ஒரு வண்டி. வண்டியில் வைக்கோல் பரப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் மறந்தே போயிருந்த அந்தப் பழைய தாள் ஞாபகம் வந்தது.

"ஹேஸ்கின்ஸ் அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு அன்னிக்கே படிச்சாச்சு. ரோட் ஐலண்டுல உங்க ஆளுங்க பார்த்துப்பாங்க," என்றார் டீக்கன்.

"எந்த ஆளுங்க, டீக்கன்? எல்லாரும் மண்ணுக்குள்ள. என் ஜோப்பை இங்கதானே புதைச்சேன்?"

"சட்டம்மா. நான் என்ன செய்ய?"

அந்தக் குளிரில் வண்டி வண்டியாகக் கைமாறிப் போன கிழவிகள் ஊர் போய்ச் சேர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், டீக்கனின் கோட்டு நுனியைப் பிடித்துக் கெஞ்சினேன். டௌ என் போர்வையைச் சுருட்டத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து வாசலில் பிரிண்டில் வந்து நின்றார். பிணந்தின்னிக் கழுகு, பார்க்க வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"டீக்கன், ஜோப் ஹேஸ்கின்ஸ் இந்த ஊர்ல என்ன பதவியில இருந்தார்?"

"பதவியா? கள் ஊத்தினான்."

"பன்னிக் காவலர். பிரமாணம் பண்ணி வெச்சது நீங்க. உங்க பன்னிக்கே வளையம் மாட்டினாரே, மறந்துட்டீங்களா?"

டௌ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டீக்கனின் காது சிவந்தது. "அது வெளையாட்டுய்யா!"

"சட்டத்துல வெளையாட்டுன்னு எழுதலையே. ஊர்ப் பதவியில முழுசா ஒரு வருஷம் இருந்தவன் ஊர்க்காரன். அதுக்கு முன்னாடி படிச்ச தாள் செல்லாது. புருஷன் எந்த ஊரோ, பொண்டாட்டியும் அந்த ஊரு. இந்தம்மா ஆம்ஸ்பிக்காரி. விறகும் கஞ்சியும் நீங்கதான் தரணும்."

டீக்கனின் கண் கூரையைப் பார்த்தது. உதடு மெல்ல அசைந்தது. நொண்டி எநோஸ், இருமல் ஸிலாஸ் என்று ஒவ்வொரு மார்ச்சாக அவர் நினைவில் பின்னோக்கிப் போவது எனக்கே தெரிந்தது.

"அப்படின்னா... அவங்க எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"நாங்களே கை தூக்கினோமே!"

"வழிமொழிஞ்சது நீங்கதான்," என்றார் பிரிண்டில், மரியாதையாக.

டீக்கன் தொப்பியை எடுத்து மாட்டினார். பிறகு கான்ஸ்டபிள் பக்கம் திரும்பி, "டௌ, இது வெளிய தெரிஞ்சா ஹால்டன்காரன் எம் மூஞ்சியில சிரிப்பான். வாயைத் தெறந்தே, அவ்வளவுதான்," என்றார். வண்டி காலியாகத் திரும்பியது.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவர் அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டார். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் வந்தது அதுவல்ல.

"இதுக்கா ரோட்டை வித்தீங்க?"

"அந்தப் பதவியை எடுத்துட்டா அடுத்த மார்ச்சுல யாரை எப்படிக் காப்பாத்தறது?"

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்களா? சிரிக்காம ஓட்டுப் போட்டிருப்பாங்களா?"

"என் சத்திரம் போச்சேய்யா!"

"போச்சு. என்னாலதான் போச்சு."

சமாதானம் ஏதும் சொல்லாமல் அதை ஒப்புக்கொண்டதுதான் எனக்கு அழுகையை வரவைத்தது. என்னைத் தெருவில் விட்டவரும் இவர், வண்டியிலிருந்து இறக்கியவரும் இவர். எந்தக் கணக்கில் சேர்ப்பது? மூக்கைச் சிந்திவிட்டு, முதல் நாள் கேட்டதையே கேட்டேன்.

"சொந்த ஊர் எதுங்க?"

இந்தத் தடவை சொன்னார். "எங்கம்மாவை இதே மாதிரி வண்டியில ஏத்தி அனுப்பினாங்க, நிறைமாசம். எல்லை ஓடையில ரெண்டு கான்ஸ்டபிளும் நின்னு அளந்துட்டு இருக்கும்போது வண்டியிலயே நான் பொறந்துட்டேன். சக்கரம் ரெண்டு அந்தக் கரையில, ரெண்டு இந்தக் கரையில. எங்க ஊர் இல்லன்னு ரெண்டு ஊரும் எழுதி வாங்கிடுச்சு. அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு என்னன்னு பார்க்கத்தான் சட்டம் படிச்சேன். சட்டத்துலயும் இல்ல." அடுப்புக் கட்டையை உள்ளே தள்ளிவிட்டு, "பன்னி பிடிச்ச வருஷம் முடிஞ்ச அன்னிக்குத்தான் எனக்கு ஒரு ஊரு கிடைச்சுது," என்றார்.

நான் பாதிதான் நம்பினேன். வக்கீல் சொல்கிற கதை. ஆனாலும் அன்று அவருக்குப் பாலைக் காய்ச்சிக் கொடுத்தேன், அடிப்பிடிக்காமல்.

பிரிண்டில் போய் வருஷங்கள் ஆகின்றன. சபையில் இருந்தபடியே போனார். ரோட்டை விற்றவன் என்று ஊர் இன்றும் சொல்கிறது. நான் திருத்துவதில்லை. திருத்தினால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும்.

போன இலையுதிர் காலத்தில் மில்லுக்குப் பக்கத்தில் ஒரு புதுக் குடும்பம் வந்தது. புருஷன்காரன் எலும்பும் தோலும், இரவெல்லாம் இருமல். அவன் பெண்டாட்டி வயிற்றில் பிள்ளையோடு தண்ணீர் சுமக்கிறாள். புதுக் கான்ஸ்டபிள் போய்த் தாளைப் படித்தான், கள் குடித்துவிட்டு வந்தான். இந்த மார்ச் கூட்டத்துக்கும் பீன்ஸ் பரிமாறியது நான்தான், கோலை ஊன்றிக்கொண்டு. டீக்கன் ஸ்ட்ரௌட்டின் தட்டில் கறியைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக் குனிந்தேன்.

"டீக்கன், அந்த மில்லுக்காரனுக்கு ரொம்பத் திமிருங்க. எனக்கு வணக்கம்கூட வைக்கறதில்ல. பன்னி பிடிக்க விட்டா அடங்குவான்."

டீக்கன் கரண்டியைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார், அந்தக் காலத்தில் நான் வக்கீலைப் பார்த்த அதே பார்வை. அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். விறகுக்கும் கஞ்சிக்கும் பொறுப்பு அவர் தலையில்தான் விடியும் என்பதும் தெரியும். கூடம் முழுக்கச் சிரிப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"வயசான காலத்துல உங்களுக்குக் குசும்பு ஜாஸ்தி, ஹேஸ்கின்ஸ் அம்மா," என்று முணுமுணுத்துவிட்டு, கிழவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பெயரைச் சொன்னார்.